இன்னும் ஆழமாக வெட்டவும்

ஆசாரிபள்ளம், மாடியில் கடைசி அறை.
சைலீன் வாசனையில் பதினோரு வருடம்.
வீட்டில் மீன் கெட்டதைக்கூட
அடுத்தவர் சொல்லித்தான் அறிகிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்த குப்பியில்
மூன்று துண்டுகள்.
அரிசிக் குருணை தேவலை, அவ்வளவு பொடி.
சீட்டில்:
ததேயுஸ், அறுபத்தொன்று, குறும்பனை.
வலது நெஞ்சில் நீர். நுரையீரல் உறைத் திசு.
தொழில் என்ற கட்டத்தில்
யாரோ பேனாவை அழுத்தியிருந்தார்கள்:
பஹ்ரைன், கப்பல் பட்டறை,
குழாய்க்குப் பஞ்சு சுற்றுவது, பத்தொன்பது வருடம்.

பஞ்சு என்றால் பருத்தி இல்லை.
கல்லிலிருந்து பிரித்த பஞ்சு.

எல்லோருக்கும் நுரையீரலைச் சுற்றி இரண்டு உறை,
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ள
நடுவே ஒரு தேக்கரண்டி ஈரம்.
மூச்சு சத்தமில்லாமல் நடப்பது அதனால்தான்.
அவருக்கு அந்த இடத்தில்
ஒன்றரை லிட்டர், கட்டன் சாயா நிறத்தில்.
மூன்று முறை குத்தி எடுத்தார்கள்.
மூன்று முறையும் தண்ணீர்
கூண்டில் ஏறிய சாட்சி போல
நேற்றுச் சொன்னதை இன்று மாற்றியது.
அப்புறம்தான் விலா இடுக்கில் துளையிட்டு
குழல் விட்டுப் பார்த்தார் டாக்டர் ஷைனி.
உறையெங்கும் ஜவ்வரிசி போல மணிகள்.
உதரவிதானத்தின்மேல்
மெழுகுதிரி ஒழுகி உறைந்த மாதிரி
வெள்ளைத் திட்டு.
மணிகளில் மூன்று கிள்ளினார்.

யாரும் வரக்கூடாத என் கதவருகே
மகள் வந்து நின்றாள், மெர்சிலின்.
"அக்கா, டிபியாக்கும்னு வந்திருமா?"

டிபி வரட்டும் என்று நேர்ந்துகொண்ட ஒருத்தியை
அன்றுதான் பார்த்தேன்.
கோட்டாற்றில் திரி ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.
விரலில் மெழுகு.
என் விரலிலும்.

ஃபார்மலினில் ஒரு ராத்திரி.
பிறகு படிப்படியாக ஆல்கஹால், சைலீன்,
அறுபது டிகிரி மெழுகு.
புதன் இரவு மழையில் கரண்ட் இரண்டு தடவை போனது,
ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
வியாழன் காலை வெட்டினேன்.
நாலு மைக்ரான்.
மூச்சை அடக்கித்தான் வெட்ட வேண்டும்,
விட்டால் ரிப்பன் பறந்துவிடும்.
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தினேன்.

முதல் வில்லையில் கொழுப்பு. கொஞ்சம் தசை. நார்.
பென்சிகர் சார் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினார்:
இன்னும் ஆழமாக வெட்டவும்.

ஆழம் என்ன ஆழம், அரை மில்லிமீட்டர் வராது.
வெட்ட வெட்ட விடை கிட்டே வரும்.
வெட்ட வெட்ட
கேட்பதற்கு ஆளில்லாமலும் போகும்.

முப்பத்தெட்டாவது வெட்டு.
சார் வெகுநேரம் குனிந்திருந்தார்.
பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "பாரு" என்றார்.
ரோஜா நிறத்தில் கூடி உட்கார்ந்த செல்கள்.
நடுவில் திரிந்த பாலாகச் சிதைவு.
ஓரத்தில் ஒரு பெரிய செல்,
குதிரை லாடம் போலக் கருக்களை அடுக்கிக்கொண்டு.

டிபி. ஆறு மாத மாத்திரை.

மெர்சிலின் வராந்தாவில் சத்தமாகச் சிரித்தாள்.
நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்,
ஒரு நர்ஸ் அதட்டினாள்.

ததேயுஸ் சிரிக்கவில்லை.
"அந்த வெள்ளைத் திட்டு என்னவாக்கும்?"
"தூசி போட்ட கையெழுத்து. வியாதி இல்லை.
வருசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்."
"எத்தனை வருசம்?"
டாக்டர் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டார்.
"எங்கூடச் சுத்துனது பதினேழு பேரு," என்றார் அவர்,
கவரை வாங்கிக்கொண்டே.

மிச்சத் துண்டு மெழுகுக்குள் நகக்கண் அளவு.
எண் எழுதி அலமாரியில் வைத்தேன்.
அடுத்த குப்பி. இதுவும் உறைத் திசு, இனயம்.
தொழில் கட்டம் காலி.
வார்டுக்குப் போய்க் கேட்டு எழுதி வா என்று
பையனைக் கீழே அனுப்பியிருக்கிறேன்.