நாலு புள்ளி நாலு

கண்ணளவில் கலந்து பழகிய கை இது.
பெட்ரோலுக்கு எண்ணெய் எவ்வளவு என்று
அச்சாவோ துறையில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
புகையின் நிறம் பார்த்தே
இன்னும் கொஞ்சம் என்பேன்,
போதும் என்பேன்.

ஐலினுக்கு நாலு வயது.
காதுக்குள் நண்டு நடக்கிறது என்று
இரண்டு ராத்திரி அழுதாள்.
சுகாதார நிலையத்தில் எடித்தா மில்லகேன்
அவள் பூட்ஸைக் கழற்றச் சொல்லித்
தராசில் நிறுத்தினாள்.
பதினாலு கிலோ இருநூறு.
"மருந்து வயதைக் கேட்காது, எடையைத்தான் கேட்கும்."
முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா
என்று இரண்டு தடவை கேட்டாள்.
டாக்டர் எழுதியதைப் படித்து,
ஊசியில்லாத சிரிஞ்சில்
நீலப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்:
நாலு புள்ளி நாலு.
வீட்டில் கரண்டி இருக்கிறதே என்றேன்.
"வீட்டுக்கு வீடு கரண்டியின் வாய் வேறு."

தூள் இறுகிக் கிடந்தது, தட்டி உதிர்த்தேன்.
கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்கினேன்.
நிறைந்துவிட்டது என்றது நுரை.
நுரை பொய் சொல்லும், எனக்குத் தெரியும்,
கடலோரத்தில் பிறந்தவன்.
அடங்கும்வரை காத்திருந்து
குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றினேன்.

இரண்டாம் இரவு வடகாற்று மின்கம்பியை அறுத்தது.
ஃபிரிட்ஜ் செத்துப்போனது.
கதவு ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தேன்.
அடுப்பறை வெப்பம், வெளியே ஆலங்கட்டி.
உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது.
உருளைக்கிழங்கு வைக்கும் அறையில்
குளிர்ந்த தண்ணீர்ச் சட்டிக்குள் குப்பியை நிறுத்தி
டார்ச்சோடு நானும் உட்கார்ந்திருந்தேன்,
கரண்ட் வரும்வரை
சட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டு.

படுத்திருக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதே.
மடியில் நிமிர்த்தி உட்கார வை.
கன்னத்தின் உள்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாக.
அவள் விழுங்கியதைப் பார்த்து அடுத்த சொட்டு.
தொண்டையைக் குறிவைத்துப் பீய்ச்சினால்
நீ ஜெயிப்பாய், அவள் மூச்சு தோற்கும்.

ஒரு காலையில் என் தாடி முழுக்கத் துப்பினாள்.
எவ்வளவு உள்ளே போனது?
எவ்வளவு தாடியில்?
பாதி போயிருக்கும் என்று
கை தானாகக் குப்பிக்குப் போனது.
பழைய கை.
அதை நிறுத்திவிட்டு,
சிக்னல் கிடைக்கும் கல்லறை மேடுவரை
மழையில் ஓடிப்போய்ப் போன் போட்டேன்.
எப்போது, எவ்வளவு என்று விசாரித்துவிட்டு எடித்தா சொன்னாள்:
"இதை விடு. அடுத்தது அதன் நேரத்துக்கு. இரட்டிப்பாகத் தராதே."

மூன்றாம் நாள் நண்டு போய்விட்டது.
ஐலின் கோழியைத் துரத்தினாள்.
இனி எதற்கு, வயிற்றைக் கெடுப்பானேன்
என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்லவில்லை.
ஆனால் இருமி இருமிக் கிளம்பிவிட்ட எஞ்சினை
சரியாகிவிட்டது என்று கொண்டுபோனவர்களை
நடுக்கடலிலிருந்து கட்டி இழுத்து வந்தவன் நான்.
மரச்சுவரில் பென்சிலால் பதினாலு கோடுகள்.
பதினாலாவது சனிக்கிழமை இரவு விழுந்தது.

குப்பியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
அண்ணி ஓரியெத்தா வந்தாள்.
அவள் பையனுக்கு இருமலாம்.
"மீதியைக் கொடு, வீணாகத்தானே போகும்."
அவன் எடை என்ன, நோய் என்ன என்று கேட்டேன்.
அவன் உன் அண்ணன் மகன் என்றாள்.
தரவில்லை.
கொண்டுவந்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.
குப்பியைச் சாக்கடையில் ஊற்றாமல்
எடித்தாவிடமே சேர்த்தேன்.
பையனுக்கு வெறும் சளிதானாம்,
மருந்தே வேண்டாமென்று அனுப்பிவிட்டார்களாம்.
இதை எனக்குச் சொன்னது ஊர்.
ஓரியெத்தா இன்னும் பேசவில்லை.

திங்கட்கிழமை
பர்ரியாவின் படகுக்கு எண்ணெய் கலக்கும்போது
அளவுக்குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து
நுரை அடங்கக் காத்திருந்தேன்.
என்னப்பா, காய்ச்சலா என்றார் பர்ரியா,
படகையா என்னையா கேட்கிறார் என்று தெரியவில்லை.