இனம் தெரியாதவை: ஒன்று

கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டாம்.
இது பகலில் நிற்கிறது, சேற்றில் நிற்கிறது,
கொரியாவின் மேற்குக் கரையில், யூபு தீவில்,
ஏப்ரல் பதினேழு, ஓதம் ஏறத் தொடங்கிய வேளை.

கிழக்குக் கோட்டான் என்கிறான் கியூ-வோன்.
பெரிய கோட்டான் என்கிறேன் நான்.
பெயரில்தான் அது பெரியது, ஆளில் கிழக்குதான் பெரிது;
பெயர் வைத்தவர் இந்தச் சேற்றுப் பக்கம் வந்திருக்க மாட்டார்.

மூக்கைப் பார் என்கிறான்.
மூக்கை நம்பாதே. பெண்ணுக்கு நீளம், ஆணுக்குக் குறைவு,
இளசுகளுக்கு அதைவிடக் குறைவு.
வயிற்றைப் பார், மங்கல் என்கிறான்.
வயிறு முழுக்கச் சேறு.
ஒரே தொலைநோக்கியில் மாறி மாறிக் குனிகிறோம்,
அவன் கண் வைத்த இடம்
எனக்கு இன்னும் சூடாக இருக்கிறது.

பறந்தால் தெரிந்துவிடும்.
முதுகின் அடியில் வெள்ளை என்றால் என்னுடையது,
பழுப்பு என்றால் அவனுடையது.
அரை நொடி போதும். ஒரு கைதட்டல் போதும்.
தட்டவில்லை.
சைபீரியா வரைக்குமான கொழுப்பை
நண்டு நண்டாக அது சேர்த்துக்கொண்டிருக்கிறது;
ஒரு வீண் எழும்பலுக்கு எத்தனை நண்டு?
கியூ-வோன் கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மட்டி வாளியை இழுத்துக்கொண்டு இம்-சுன் வந்தாள்,
தண்ணீர் அவள் பின்னாலேயே வந்தது.
எதை இப்படிப் பார்க்கிறீர்கள்?
காட்டினோம். வெறுங்கண்ணால் பார்த்தாள்.
“ஓ, அந்த நொண்டியா.
செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் தோண்டின குழியெல்லாம்
அதுதான் கிளறிப் பார்க்கிறது. இடது கால்.”
வாளி நகர்ந்துவிட்டது.
ஒரு மணி நேரமாகப் பார்த்தோம்,
காலை நாங்கள் பார்க்கவில்லை.

அப்போது குன்சான் பக்கமிருந்து போர் விமானம்.
உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி,
கரையே ஈரத்துணி மாதிரி உதறிக்கொண்டு மேலே போயிற்று.
வட்டக் கண்ணாடிக்குள் வெறும் சேறு,
ஆழமாய் ஒரு தடம், பட்டும் படாமல் ஒரு தடம்.
பார்த்தாயா?
நீ?
நான் அண்ணாந்து விமானத்தைப் பார்த்துவிட்டேன்.
அவனும்தான்.

படிவத்தை நிரப்பினோம்.
கிழக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, பெரியது எண்பத்தேழு,
இனம் தெரியாதவை ஒன்று.
நொண்டிக்குக் கட்டம் கிடையாது.
கியூ-வோன் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக
‘இடது கால்’ என்று எழுதினான்.
அழித்தான்.
ஓதம் முழங்காலுக்கு வந்தபோது
மறுபடி எழுதிக்கொண்டிருந்தான்.