அறுபத்து மூன்று வரை எண்ணுதல்

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
வாழைக்குலை மண்டியின் மாடியில்
பதினொரு பேர் நாங்கள்.
கீழே ஏத்தனும் மட்டியும் பழுக்கிற வாசம்
படியேறி வந்து
எங்களோடு ஒத்திகைக்கு நிற்கும்.

கைமணிகள் இருபத்தைந்து.
கப்பலில் வேலைபார்த்த எஸ்றா
எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கியவை.
தூத்துக்குடியில் சுங்கக்காரர்
ஒவ்வொன்றாய் எடுத்து ஆட்டிப் பார்த்து
"இதுல என்னத்தவே கடத்துதீரு?" என்றாராம்.
"சத்தம்" என்றானாம் எஸ்றா.
இதில் பாதி பொய்யாக இருக்கும்.
அவன் அப்படிப்பட்ட ஆள்.

ஆளுக்கு இரண்டு சுரம், சிலருக்கு மூன்று.
நர்ஸ் வில்சிலெட்டுக்கு மூன்று.
இரவுப் பணியில் ஒற்றையாளாய் நாலு வார்டு பார்த்தவள்.
குளச்சல் ஏலக்காரி சூசம்மாவுக்கு
ஆகப் பெரிய மணிகள்.
மீன்கூடை தூக்கிய தோளுக்கு
அது ஒரு கனமா.
ரப்பர் வெட்டுகிற குமாரதாஸ்
விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்தவன்
நின்றபடி தூங்குவான்.
தன் தட்டு வரும்போது மட்டும் விழிப்பான்.
எப்படியென்று கேட்டால்
"மரம் மாறும்போ தெரியுமில்லா."

லைன்மேன் தாணுபிள்ளைக்கு ஜி-யும் ஏ-யும்.
பாட்டில் பாதி அவன் கையில்,
எப்போதும் கால் தட்டு பிந்தி.

எனக்கு எஃப் ஷார்ப்பும் பி ஃபிளாட்டும்.
இந்தப் பாட்டில் பி ஃபிளாட் வரவே வராது.
எஃப் ஷார்ப் ஒரே ஒருமுறை,
அறுபத்து மூன்று எண்ணி முடித்த பிறகு.

அண்டி ஆபீஸில் பகல் முழுக்கத் தல்லுகிறேன்.
கிலோ கணக்கில் கூலி.
அங்கே எத்தனை அடியென்று யாரும் எண்ணுவதில்லை.
சாயங்காலம்
அதே கை ஒரே ஒரு அடிக்காக
மூச்சைப் பிடித்து நிற்கிறது.
வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறோம்,
விரலின் எண்ணெய் பட்டால் வெண்கலம் கறுக்குமாம்.
என் விரல் ஏற்கெனவே கறுத்தது
வேறொரு எண்ணெயில்.

அடிப்பது எளிது.
அடித்த மணியை நெஞ்சில் சேர்த்து
சத்தத்தை நிறுத்துவதுதான்
முதல் மாதம் யாருக்கும் பிடிபடவில்லை.
சூசம்மா மட்டும்
பால் குடித்த பிள்ளையைத்
தோளில் சாய்ப்பதுபோல் செய்துகாட்டினாள்.

ஐப்பசியில் வாசகசாலை ஆண்டுவிழா.
நல்ல மழை.
இரண்டாவது பாட்டு தொடங்கும் நேரம்
தாணுபிள்ளையின் பையில் போன் துடித்தது.
மத்திகோட்டில் தெங்கு சாய்ந்து
கம்பி அறுந்து கிடக்கிறதாம்.
கையுறை இரண்டையும் கழற்றி
மணி வாய்க்குள் திணித்துவிட்டுப் போனான்.
அந்த மணிகளை யாரும் எடுக்கவில்லை.
எடுக்கலாம்தான். தோன்றவில்லை.

தொடங்கினோம்.
பத்தாவது தட்டில் கரண்ட் போனது.
அவனே நிறுத்தச் சொல்லியிருப்பான்.
இருட்டில் தாளே தெரியவில்லை.
ஆனால் ஒவ்வொருவர் சுரமும்
அவரவர் கையில்தானே இருந்தது.
ஜி வரும் இடத்தில் ஒரு பள்ளம்,
ஏ வரும் இடத்தில் ஒரு பள்ளம்,
தாண்டித் தாண்டிப் போனோம்,
மழைநாளில் சந்தை வழி நடக்கிறாற்போல.
முன்வரிசையில் யாரோ
"இது இப்பிடித்தானா?" என்று கேட்பது கேட்டது.

ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பது.
குமாரதாஸ் விழித்துவிட்டான்.
அறுபது.

அப்போது கரண்ட் வந்தது,
ஜி விழவேண்டிய இடத்துக்கு
கால் தட்டு பிந்தி.
சூசம்மா சிரித்துவிட்டாள்.
நான் ட்யூப்லைட்டைப் பார்த்தேன்.
இரண்டுமுறை சிமிட்டி
வெள்ளையாய் நின்றது.
திரும்பியபோது
அறுபத்து மூன்று போயிருந்தது,
அதற்குப் பின்னாலிருந்ததும்.

அடிக்காத மணியை
நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.
கை அப்படித்தான் பழகியிருந்தது.

அடுத்த ஒத்திகையில் தாணுபிள்ளை கேட்டான்:
"அன்னைக்கு எப்பிடி இருந்து?"
"கால் தட்டு லேட்டு" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
கம்பி கிழித்த உள்ளங்கையின்மேல்
கையுறையை மெதுவாக
இழுத்து மாட்டிக்கொண்டான்.