பதினாலடிக்கு ஒன்று

கங்கைகொண்டான் தாண்டியதும்
ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தார் வேதமாணிக்கம்.
பின்னால் மூன்றே பெட்டி, அதிலும் மணல்மூட்டை.
டாங்கியில் தாமிரபரணி. மணியாச்சிக் கிணற்றுநீர் என்றால்
இந்நேரம் கொப்பரை நுரை தள்ளியிருக்கும்.
நான் தந்திக்கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்
நிறுத்துக்கடிகாரமும் நோட்டுமாக.
இன்ஸ்பெக்டர் கேட்டது அறுபது.
மீட்டர் கேஜில், மணிக்கு அறுபது மைல்.

நாற்பத்தெட்டு.
ஐம்பத்திரண்டு.
பிச்சைக்கண்ணு பேசவில்லை.
கதவு, கரண்டி, கதவு, கரண்டி.
இன்னும் இரண்டு மைல் வேண்டுமென்றால்
அவன் தோளுக்குள் இன்னோர் ஆள் வேண்டும்.

ஐம்பத்தேழு.
முள் அதற்குமேல் ஏறவில்லை.

நொடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று.
சுற்றுக்கு இருமுறை நின்று திரும்புகிறது பிஸ்டன்.
ஓடுவதற்காக
நொடிக்குப் பன்னிரண்டு தரம் நிற்கவேண்டிய இரும்பு.
வேலை முடித்த ஆவி வாசல் தேடுவதற்குள்
அடுத்த ஆவி வந்து முட்டுகிறது,
தேரோட்டத்தன்று சந்திப்பிள்ளையார் முக்கில் முட்டுவதுபோல்.
"இதுக்கு மேல மூச்சு விடாதுவே,"
வேதமாணிக்கம் கைப்பிடியைத் தளர்த்தினார்.

மூன்றாம் நாள் நாரைக்கிணறிலிருந்து ஆள் வந்தது.
பாதைமேஸ்திரி முக்காண்டி
கூட்டிப்போய்க் காட்டினார்.
"பதினாலடிக்கு ஒரு மொத்து. சங்கிலி போட்டு அளந்துட்டேன்.
நாலு தண்டவாளம் வளஞ்சு கெடக்கு."

நாலரை அடி விட்டம்.
சுற்றளவு பதினாலு, கொஞ்சம் சொச்சம்.
எங்கள் சக்கரம்தான்.
பிஸ்டனின் உதைப்பைத் தணிக்க
ஆரங்களுக்கிடையே வார்த்த பிறைவடிவ எடை
மேலே போகையில் சக்கரத்தைத் தூக்கும்,
இறங்குகையில் அறையும்.
வேகம் இரட்டித்தால் அறை நான்காகும்.

"அந்தப் பிறையச் செதுக்கி எடுத்திரலாம்லா?"

எடுக்கலாம்.
பிறகு எஞ்சின் தலையை ஆட்டும், முன்னும் பின்னும் உலுக்கும்.
கரண்டியோடு நெருப்புவாசலில் சாய்வான் பிச்சைக்கண்ணு.
அந்த அடி எங்கேயும் போய்விடாது.
யார்மேல் விழவேண்டும் என்பதைத்தான்
பட்டறையில் முடிவுசெய்கிறார்கள்.

முக்காண்டி ஒன்றும் சொல்லவில்லை.
வளைந்த தண்டவாளத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்,
சூடு தாங்காமல் எழுந்துகொண்டார்.

நாற்பத்தைந்துக்குமேல் கூடாது என்று அறிக்கை அனுப்பினேன்.
நேற்று இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரே வரி:
மூன்று மைல் குறைந்ததற்கு நிலக்கரியின் தரம் காரணமா?

ஆமாம் என்றால்
எல்லோருக்கும் சௌகரியம்.
நல்ல கரி வரும். மறுபடி ஓட்டுவோம்.
நாரைக்கிணறில் சங்கிலியோடு நிற்பார் அவர்.