பின்பக்கம் காலி

காகிதப்பட்டறையில் நாங்கள் காகிதம் செய்வதில்லை.
வெட்டுகிறோம், மடிக்கிறோம்,
மின்சாரம் போனால் பழைய காலண்டர் அட்டையால்
விசிறிக்கொண்டு வாசலில் நிற்கிறோம்.
நான் மூன்றாவது கணினி.
என் மவுஸை இரண்டு தரம் அழுத்தினால்
ஒரு தரம் கேட்கும்.

முனிரத்தினம் வந்தார்.
யார் வீட்டுக் கல்யாண உறையோ,
அதன் முதுகு முழுக்க எழுதியிருந்தார்:
கேஸ் அடுப்பு வாடகைக்கு, குக்கர் வாடகைக்கு,
பாய், பக்கெட், தோசைக்கல்,
சக்கர நாற்காலி (இரண்டு மட்டும்).
மேலே இரத்தினகிரி முருகன்.
நடுவில் கண்ணாடி போட்ட தன் போட்டோ.
கீழே மச்சான் நம்பர், மனைவி நம்பர்.
ஓரமாய் ஒரு ரோஜா.

எவ்வளவு செலவு பண்ணுவீங்க என்றேன்.
"ஆயிரத்து இருநூறு.
ரெண்டாயிரம் நோட்டீஸ், கலர்ல."

நாலு கலர் என்றால் நாலு ப்ளேட்.
நாலு ப்ளேட் என்றால் உங்கள் குக்கரில் இரண்டு.
கறுப்பு ஒன்றே போதும்,
மஞ்சள் தாளில் அடித்தால்
இரண்டு கலர் மாதிரி நிற்கும்.
ஏ-ஃபோரை நாலாக வெட்டினால்
சட்டைப்பையில் அடங்கும்.
பின்பக்கம் வேண்டாம்,
அதற்கும் மிஷின் ஒருமுறை ஓடணும்.

முதலில் ரோஜா போனது, சத்தமில்லாமல்.
மச்சான் போக அரைமணி ஆயிற்று.
முருகனிடம் நான் வருவதற்குள்
எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்து,
"கால்ல மிதிபடுவாரும்மா. எடுத்துடு" என்றார்.
"என் போட்டோ மட்டும்
ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே?"
"லாட்ஜ்ல கீறவங்க உங்களைத் தேடலைங்க,
அடுப்பைத் தேடறாங்க."
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டோவில் இருந்த அதே கண்ணாடி.

எண்ணை மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்தேன்.

அப்புறம்தான் தோன்றியது:
இரண்டு ராத்திரி ரயிலில் கிடந்து
காட்பாடியில் இறங்கி
ஆஸ்பத்திரி வாசலில் டோக்கனோடு நிற்கிறவருக்கு
என் தமிழ் எழுத்துரு எதற்கு?
என்னிடம் இருப்பது முந்நூறு,
அதில் ஒன்றுகூட வங்காளம் பேசாது.

மறுநாள் ஒருவரைக் கூட்டிவந்தார்.
பிமல் மண்டல், மால்டாவிலிருந்து.
மனைவிக்கு மூன்றாவது கீமோ.
ஸ்கெட்ச் பேனா கேட்டு வாங்கி
வெள்ளைத்தாளில் ஒரே வரி எழுதினார்.
கை சற்று நடுங்கியிருந்தது.
திருத்தாமல் ஸ்கேன் எடுத்து
அப்படியே தலைப்பில் ஏற்றினேன்.
இன்னா எழுதினாரு என்றார் முனிரத்தினம்.
பாதி இந்தியில், மீதி கையில் விளக்கினார் பிமல்:
வாடகை குறைவு என்று எழுதவில்லை.
உங்கள் சோற்றை நீங்களே வடிக்கலாம்
என்று எழுதியிருக்கிறேன்.

முதல் நாளே பாதி நோட்டீஸ்
படிக்கட்டிலும் சாக்கடை ஓரத்திலும் கிடந்தது.
போண்டாவுக்கு அடியிலும் ஒன்றைப் பார்த்தேன்,
எண்ணெயில் ஊறி என் தலைப்பு
கண்ணாடித்தாள் போலத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து,
அண்ணனுக்கு மாத்திரை வாங்க நிற்கும் வரிசையில்
முன்னால் நின்ற பெண்ணின் கையில் மஞ்சள்,
குப்புறப் பிடித்திருந்தாள்.
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்
பொடிப்பொடியாக நாலு பத்தி.
காலை, மதியம், இரவு என்று
சூரியனும் நிலாவும் வரைந்திருந்ததால் புரிந்தது.
கீழே ரத்தத்தின் எண்கள்,
இரண்டைச் சுற்றி வட்டம்.
கவுன்டரில் கேட்டபோது
பர்ஸைத் திறக்காமல்
அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினாள்.

முனிரத்தினம் மறுபடி வந்தார்.
அடுப்பு பதினேழு ஆகிவிட்டதாம்.
"இந்தவாட்டி பின்பக்கமும் அடிச்சிடலாமாம்மா?
என் போட்டோவைப் போட்டு?"

வேண்டாங்க என்றேன்.
அது வாடகைக்குப் போயிடுச்சு.