அடைக்கலக்கோனின் எடை

கோனாபட்டில் அரசனுக்கு முடி சூட்டுவதில்லை,
நிறுப்பார்கள்.
ஒரு தட்டில் அவன். மறு தட்டில்
ஊர் அரண்மனைக்கு எழுதிக் கொடுத்த கடனோலைகள்.
முள் நடுவில் நிற்கும். எப்போதும் நிற்கும்.
ஊர்ப்பற்று எவ்வளவோ அவ்வளவு அரசன்.
காரணம் யாரும் கேட்டதில்லை.
மழை ஏன் கீழே விழுகிறது என்று யார் கேட்டார்?

இவருடைய அப்பாவைத் தூக்க எட்டுப் பேர்.
அவர் சாய்ந்தால் தேக்குத் தூண் முனகும்.
அவர் போன இரவு, பத்தொன்பது வயசுப் பையன்
கட்டிலோடு தரையில் இறங்கினான்.
விடிந்ததும் வளவைக் கடந்தான்:
பதினொரு பூக்கல் பொடி.
கணக்குப்பிள்ளை நான், அதையும் எழுதினேன்,
செலவுப் பக்கத்தில்.

முதல் ஓலையை அவர் கிழித்தது கருணையால் அல்ல.
புலவர்கள் அப்படிப் பாடுவார்கள், கூலி வாங்கியவர்கள்.
அவருக்கு ஊருணியில் நீந்த ஆசை.
இறங்கினார், கல்லாய்ப் போனார்.
வடம் போட்டு இழுத்தோம்.
சேற்றைத் துப்பிவிட்டுக் கேட்டார்:
"எவன் கடன் பெரிசு?"
கிணறு வெட்டும் பொன்னழகு. ஏழு தலைமுறைக் கடன்.
கிழித்தார். மறுநாள் மார்பளவு மிதந்தார்.
இன்னும் ஆறு ஓலை கொண்டுவரச் சொன்னார்.
ஆடி முடிவதற்குள் மல்லாந்து கிடந்தார் நீரில்,
வயிற்றின் மேல் ஒரு தட்டான்.

ருசி கண்டவர் நிறுத்தவில்லை.
சுவருக்கு அடிக்க முட்டை வாங்கக் காசில்லாமல்
கிழக்குக்கட்டு பாதியில் நின்றது.
உப்பளத்து அரசன் யானைகளோடு வந்தான்.
அம்பு வருமுன் அம்பின் காற்று வந்து
இவரை ஒதுக்கிவிட்டது.
மூன்று நாள் எய்தான். ஒதுங்குகிறவனோடு
எப்படிச் சண்டை என்று திரும்பிப் போனான்.
ராணி நல்லாத்தாள் வேட்டிக் கரையில்
செம்புறாங்கல் துண்டுகளை வைத்துத் தைத்தாள்.
காற்று மாதங்களில் தூணில் கட்டினாள்.
அவிழ்க்கும்போது சிரிப்பாள்.
கட்டும்போது சிரித்ததில்லை.

கடைசியில் ஒரே ஓலை:
உப்பு விற்கும் உலகி. மூன்று படி வரகு.
கிழித்தார். கிழியவில்லை,
பச்சைத் தோல்போல் நீண்டது.
அவள் கடைக்கே போய்ச் சொன்னார், தள்ளுபடி என்று.
"என்னை யார் கேட்டது?
வாங்கினது நான். இருக்கும்போது கொடுப்பேன்."

அந்த மூன்று படியில்
பன்னிரண்டு வருஷம் தரையில் நின்றார்,
நூலில் கட்டிய தும்பி.
வெள்ளிக்கிழமைதோறும் அவள் கடைப்பக்கம் போவார்.
"வரகு விளைஞ்சதா?"
"இல்லை."
வரும் வழியெல்லாம் சீட்டியடிப்பார்.

மழை தப்பாத வருஷம் ஒன்று வந்தது.
தை மாதம், கொட்டான் நிறைய வரகோடு
உலகி வளவில் நின்றாள்.
அளக்கச் சொன்னார். அளந்தேன்.
மறுபடியும் என்றார்.
தலைதட்டி அளந்தேன். மூன்று படி,
ஒரு மணி குறையவில்லை.
குறைகிறது என்று சொல்லியிருக்கலாம்.
கணக்குப்பிள்ளை. வாய் வரவில்லை.

வேட்டிக் கரையைப் பிரித்து
கற்களை ஒவ்வொன்றாய்க் கீழே வைத்தார்,
சத்தம் வராமல்.
பாதம் தரையை விட்டது.
நல்லாத்தாள் அவர் கால் பெருவிரலைப் பிடித்தாள்,
கொஞ்ச நேரம்.
பிறகு, "ஓடு உடையாமல் போங்க" என்றாள்.
வளவுக்கு மேலே நாலு தாழ்வாரத்துக்கும் நடுவே
சதுரமாய் இருந்தது வானம்.
அதில் சிறுத்துக்கொண்டே போனார்.
உலகி காலிக் கொட்டானோடு அண்ணாந்து நின்றாள்.
"இது எனக்குத் தெரியாதே" என்றாள்,
யாரிடமும் இல்லை.

இரவு ஐந்தொகை போட்டேன்.
ஊர்ப்பற்று: இல்லை.
கையிருப்பு: வரகு, மூன்று படி.
அரண்மனை தரவேண்டியது:
கணக்குப்பிள்ளைக்கு ஏழு மாதச் சம்பளம்.
எழுதி, மை உலர ஊதி,
விளக்கை எடுத்துக்கொண்டு வளவைக் கடந்தேன்.

காலுக்குக் கீழே
ஒரு பூக்கல் விரிசல் விட்டது.