ஒன்பதாம் அத்தியாயம்

ஒன்பதாம் அத்தியாயத்தில் வெடிக்க வைத்திருந்தேன்.
பச்சைப் புகை. கூரையில் ஓட்டை.
சிந்திய மருந்தை நக்கிய பூனை
கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும்.
பதினோரு வயது துளசிமணி
உடைந்த குடுவையோடு நின்று
“ஒரு சொட்டு கூடிப்போச்சு” என்பாள்.

கீழ்வீட்டு பியூலாவிடம் படிக்கக் கொடுத்தேன்.
யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில்
பதினான்கு வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறாள்,
தரையும் பெருக்குகிறாள்.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
பேருந்துச் சீட்டு செருகிய பக்கத்தைத் திறந்தாள்.
“வெடிக்காதுங்க.”

பின்னே?

“சத்தமே வராது.
போன ஜூன்ல ஒரு சனிக்கிழமை கரண்டு போச்சு,
ஜெனரேட்டர் ஓடுச்சு, எல்லாம் சரி.
எட்டாம் நம்பர் ஃப்ரீசர் பிளக் மட்டும்
லூசா இருந்திருக்கு.
திங்கக்கிழமை பாத்தா தரையெல்லாம் தண்ணி.
நாலு வருஷமா ஒரு பொண்ணு சேத்து வச்சது,
இம்பால்காரப் பொண்ணு.
அழல. ஒவ்வொரு குழாயா எடுத்து
லேபிளை வாய்விட்டு வாசிச்சா.
மை கரைஞ்சதையும் வாசிச்சா, மனப்பாடம் போல.
அப்புறம் எங்கிட்ட மாப் கேட்டா.
நான் துடைக்கிறேன்னேன். விடல.”

அன்றிரவே புகையை அடித்தேன், கூரையை மூடினேன்.
பூனையை எடுக்கத்தான் மனசு வரவில்லை,
இருந்தும் எடுத்தேன்.
துளசிமணி குனிந்து தரை துடைத்தாள்
இரண்டரைப் பக்கம்.
நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் என்று
எனக்கே தோன்றியது.

பியூலாவின் மகன் ஆரோனுக்கு
பள்ளியில் கன்னடம்; தமிழ்
விரல் வைத்தால்தான் நகரும்.
அதனால் நானே வாசித்தேன்.
அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை
மடித்துக்கொண்டிருந்தாள்.

“பூனை எங்க?” என்றான் முதலில்.
போயிருச்சு என்றேன்.
கொஞ்ச நேரம் பொறுத்து,
“அந்த பிளக்க யாரு இடிச்சுட்டாங்க?”

கதையில் அது வராதுடா.

“யாராவது பெருக்கும்போது பட்டிருக்கும்” என்றான்,
தன் வீட்டு டிவி பிளக்கைப் பார்த்தபடி.

பியூலா ஒரு சட்டையை மடித்தாள்.
பிரித்தாள். மறுபடி மடித்தாள்.
தெருவில் யாரோ ஸ்கூட்டரை
உதைத்துக்கொண்டே இருந்தார்கள், கிளம்பவில்லை.

மேலே வந்து வெடியைத் திரும்ப வைத்தேன்.
கூரை போனது. பூனை வந்தது.
அடித்த வரிகளையெல்லாம் மீட்டுவிட்டு,
புகை இன்னும் அடர்த்தியாக இருக்கட்டும் என்று,
எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு,
நான்கு வரி கூடுதலாகச் சேர்த்தேன்.